வலது முழங்கையைத் தவிர அனைவரும் நலம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே என் வலது முழங்கையைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் உன் மாமியார் இதற்குள் எனக்குச் சொல்லியிருப்பார்.

முதலில் ஒரு திருத்தம். உன் மாமியார் மேல் நான் டீபாட்டை எறிந்தேன் என்று உங்கள் பக்கத்து உறவில் ஒரு பேச்சு சுற்றுகிறதாம். எறியவில்லை. அது என் கையிலிருந்து நழுவி அவர் மடியில் விழுந்தது. எறிந்த பொருள் வளைந்து போகும், நழுவிய பொருள் நேராகக் கீழே விழும்; பாலம் கட்டப் படித்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நேர் கீழே அவர் மடி எப்படி வந்தது என்று கேட்பாய். யார் எதை ஊற்றினாலும் முதல் கோப்பை தனக்கு வரவேண்டும் என்று, ஊற்றுகிறவர் கைக்கடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். காயம் ஒன்றும் இல்லை. என்னிடம் சொல்ல வந்ததை அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ நன்றாக ஆறிப்போயிருந்தது. டீபாட்டின் மூடி மட்டும் உடைந்தது, அதைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஊர் ஏன் நம்பியது என்பதும் எனக்குப் புரிகிறது. "சம்பந்தி, நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைத்தான் சொல்வார்கள். "இந்த வயசுல தனியா இருப்பேன்னு நிக்கிறது தைரியம் இல்லீங்க. வீம்பு." அவர் வாயிலிருந்து வீம்பு வந்ததும் என் கையிலிருந்து டீபாட் போனதும் ஒரே நேரம். அந்த அறையில் நான் வேறொருத்தியாக உட்கார்ந்திருந்தால் நானும் எறிந்தாள் என்றுதான் சாட்சி சொல்லியிருப்பேன். உன் மகள் போனில் ரகசியமாகக் கேட்கிறாள்: "பாட்டி, நிஜமாவே வீசினீங்களா? எவ்ளோ தூரம் போச்சு?" இத்தனை வாரமும் நான் யாரிடமும் மறுக்கவில்லை. எறிந்தவள் என்றால் கோபக்காரி, நழுவவிட்டவள் என்றால் கிழவி. கோபக்காரியை வீட்டைவிட்டுக் கிளப்ப யாரும் துணிய மாட்டார்கள் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

நீ துணிந்துவிட்டாய். "அம்மா, அது வீசினது இல்ல, நழுவினது. கை நழுவுதுன்னா அது சும்மா இல்ல. இருபதாம் தேதி வரேன். கூட ஒருத்தர் வருவார், வீட்டைச் சும்மா பார்த்துட்டுப் போகட்டும்" என்றாய். வீட்டைச் சும்மா பார்க்க வருகிற தரகர் பையில் அளக்கிற டேப் இருக்கும் என்பது தெரியாத வயதா எனக்கு? உங்கள் வீட்டு நடு அறையைக் காலி செய்துவிட்டதாகவும் மருமகள் சொன்னாள். நல்ல பெண், நல்ல மனசு. ஆனால் அந்த அறைக்கு ஜன்னல், மாடிப்படியைப் பார்த்து இருக்கிறது. என் மீதி நாளெல்லாம் மற்றவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, பார்க்கலாம்மா" என்கிறாய். அது உன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம், சரி என்றால் சரி இல்லை என்று அர்த்தம். அதனால்தான் கடிதம். இந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்பதை முதலிலிருந்து கடைசிவரை படி, பிறகு இருபதாம் தேதியைப் பற்றி யோசி. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் பேனா பிடிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பக்கத்தில் அலாரம் வைத்திருக்கிறேன். அடித்தால் எந்த இடமானாலும் நிறுத்திவிடுவேன், உத்தரவு என்றால் உத்தரவு. இப்போது அடித்து

புதன்கிழமை. அடித்துவிட்டது என்று எழுத வந்தேன்.

வலி ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. முழங்கையின் வெளிப்பக்கம் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் பார், அங்கே ஆரம்பித்து, கம்பியை இழுத்துக் கட்டினாற்போல மணிக்கட்டு வரை. கையைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. கதவுச் சாவியைத் திருப்பினால் தெரியும், ஈரத் துண்டைப் பிழிந்தால் தெரியும், நிறைந்த பாத்திரத்தைக் கைப்பிடியால் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். உன்னிடம் சொல்லவில்லை, அதில் உனக்கு வருத்தம் இருக்கலாம். சொன்ன இடத்தில் எல்லாம் என்ன கிடைத்தது என்று கேள். மாடிவீட்டு அம்மாள் சூடான எண்ணெயோடு வந்து, வலிக்கிற இடத்தைத் தேடிப்பிடித்து அழுத்தித் தேய்த்தார். மறுநாள் என்னால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. "நல்லா வேலை செய்யுது, உள்ள இருக்கிற வலி வெளிய வருது" என்றார். அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற பாங்க் மானேஜர் இதயம் என்றார்.

"எந்தக் கை, இடதா?"

"வலது."

"அதனாலென்ன, எல்லாருக்கும் ஒரே மாதிரியா இருக்கும்?"

உன் மாமியார் பக்கவாதம் என்றார். நீ நேரில் பார்க்காமலேயே அதற்கு ஆமாம் போட்டாய். என் கையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் இந்தத் தெருவில் தபால்காரர் ஒருவர்தான்.

டீபாட் சம்பவத்துக்கு மறு வாரம், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், எலும்பு டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், மேஜை சுத்தமாக இருந்தது, நான் பேசும்போது கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அதனால் முடியை மன்னித்தேன். என் கையை ஒரு தலையணையில் வைத்து, கட்டைவிரலால் அந்த எலும்பு மேல் அழுத்தி "இங்கயா?" என்றார். அப்போது என்னிடமிருந்து வந்த சத்தம் கான்வென்டில் கற்றது அல்ல. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, "உள்ளங்கை கீழ பார்க்கிற மாதிரி வச்சு இந்த நாற்காலியைத் தூக்குங்கம்மா" என்றார். நான் நாற்காலியை

வியாழன். தூக்க முடியவில்லை. நாலு காலில் ஒன்றுகூடத் தரையைவிட்டு எழும்பவில்லை. "இப்ப உள்ளங்கையை மேல பார்க்கத் திருப்பித் தூக்குங்க." தூக்கிவிட்டேன். ஒரே நாற்காலி, ஒரே கை, ஒரே கிழவி.

"பக்கவாதம் எல்லாம் இல்லம்மா. இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேரு."

"நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. எங்கள் பள்ளியில் த்ரோபால்தான்."

"ஆடுறவங்களைவிட ஆடாதவங்கதான் இதுக்கு என்கிட்ட அதிகமா வர்றாங்க. பெயின்ட் அடிக்கிறவங்க, ஸ்க்ரூ முடுக்குறவங்க, நாள் பூரா துணி பிழியிறவங்க."

ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைகள் எல்லாம் ஒரே தசைநாணாகச் சேர்ந்து அந்தச் சின்ன எலும்பில்தான் போய் ஒட்டிக்கொள்கின்றனவாம். எதை இறுக்கிப் பிடித்தாலும் முறுக்கினாலும் இழுப்பு அங்கே. தினம் கொஞ்சம் நைந்துபோகும், உடம்பு தானே சரிசெய்துகொள்ளும். சரிசெய்கிற வேகத்தைவிட நைகிற வேகம் கூடினால் இப்படி. "கயிறு அறுந்து போகலம்மா, நைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

"வயசா காரணம்?" என்று நேராகவே கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன்.

"வயசும் கொஞ்சம் உண்டு. ஆனா வயசு மட்டும்னா ரெண்டு கையிலயும்ல வரணும்? உங்க இடது கைக்கும் அதே வயசுதானே?"

இந்த வரியை மருமகளுக்கும் படித்துக் காட்டு.

ஊசி போட்டால் உடனே சரியாகுமா என்றேன். சில வாரம் சுகமாக இருக்கும், பிறகு திரும்பி வரும், சில பேருக்கு முன்னைவிட மோசமாகவும் வரும், காரணத்தை விட்டுவிட்டு ஊசி போடுவதில் அர்த்தமில்லை என்றார். "சொல்லுங்க, வலது கையால தினம் எதை முறுக்குறீங்க?"

"எதையும் இல்லை. மருமகள் காதைக்கூட முறுக்கியதில்லை."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்தார். மூன்று நாள், வலது கை எதைப் பிடித்தாலும் ஒரு நோட்டில் எழுதவேண்டும்: நேரம், பொருள், வலி பத்துக்கு எத்தனை. எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்து ஐம்பத்தைந்து வருஷம் இருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்பு எழுதி, சந்தோஷமாகவே ஆரம்பித்தேன். முதல் நாள் முடிவில் நூற்றுப் பன்னிரண்டு பதிவு. சாவி ஆறு, சீப்பு நாலு, கதவுத் தாழ்ப்பாள் பதினொன்று, இப்படி. குழாய் மட்டும் ஐம்பத்தெட்டு. சமையலறையில் முப்பத்தொன்று, குளியலறையில் பத்தொன்பது, பின்பக்கம் எட்டு. வலிக் கட்டத்தில் குழாய்க்கு நேராக எட்டு, எட்டு, எட்டு என்று ரயில் பெட்டி மாதிரி நின்றது. இரண்டாம் நாளும் அதே. குழாய் மூடுவதை ஒரு வேலை என்று யாராவது நினைப்பார்களா? மூன்றாம் நாள் நான் மூடுவதை நானே நின்று பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை இறக்கி, உடம்பின் எடை முழுவதையும் அந்தச் சின்னத் திருகில் வைத்து, கடைசியாக ஒரு திருப்பு. கடைசித் திருப்புக்கு அப்புறம் இன்னொரு திருப்பு. மூன்று வருஷமாக இப்படித்தான் மூடுகிறேன். ஏன் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அலாரம்

சனி. நேற்று எழுதவில்லை. குழாய்க்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டு ஏன் என்பதற்கு வருகிறேன்.

குழாய்க்காரர் வந்து மெயின் வால்வை அடைத்துவிட்டு, சமையலறைக் குழாயில் கை வைத்தார். அசையவில்லை. "யாரும்மா இதை மூடினது, பயில்வானா?" "நான்தான்." திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார், அந்தப் பார்வையில் இருந்த மரியாதை இந்த ஐந்து மாதத்தில் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை. பெரிய ஸ்பானரைப் போட்டுத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு நீல வட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னம்மா இது, செருப்பு?"

செருப்புத்தான். என் குளியலறை ரப்பர் செருப்பு. நம் வீட்டில் ஒற்றைச் செருப்பு காணாமல்போனது உனக்கு நினைவிருக்கிறதா? எதிர்வீட்டு நாயின் மேல் பழி போட்டு, அந்த வீட்டாரோடு நான் இரண்டு வருஷம் பேசவில்லை. அந்த நாய் செத்தே நாளாகிவிட்டது, மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. ஆறு குழாயிலும் வாஷருக்குப் பதில் நீல வட்டம். உன் அப்பா முப்பது வருஷம் வரைபடம் வரைந்த கை, காம்பஸ் வைத்து அளந்து வெட்டியிருக்கிறார். குழாய்க்காரரே விரலால் தடவிப் பார்த்து, "அளவு பிசகாம இருக்கும்மா. ஆனா இது மெத்து ரப்பர். மூடின உடனே நிக்காது. நசுங்கி உக்கார ஒரு நிமிஷம் ஆகும்" என்றார்.

"அப்படி என்றால்?"

"வாங்க காட்டுறேன்." இன்னும் மாற்றாத பின்பக்கக் குழாய்க்குக் கூட்டிப்போனார். மெயினைத் திறந்தார், குழாயைத் திறந்தார், இரண்டே விரலால் மூடினார். சொட்டியது. நான் கையை நீட்டினேன். "தொடாதீங்கம்மா. சும்மா நில்லுங்க." இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டு. சொட்டு. பிறகு ஒரு சொட்டு, வருமா வராதா என்று. அப்புறம் நின்றுவிட்டது.

"இப்ப தொடுங்க. லேசா வச்சாப் போதும், நான்தான் நிறுத்தினேன்னு நீங்களே நம்பிடுவீங்க" என்றார்.

அவர் அதைத் தமாஷாகச் சொன்னார். நான் அங்கேயே பின்பக்கப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இப்போது ஏன் என்பதைச் சொல்கிறேன். உனக்கு நினைவில் இருக்கும், நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தால் உன் அப்பா பேப்பரை மடித்துவைத்து எழுந்து உள்ளே போவார். குழாயை இரண்டு விரலால் தொடுவார். சொட்டு நிற்கும். "உனக்குக் குழாய் மூடத் தெரியல" என்பார். ஆரம்பத்தில் நான் பதில் சொன்னேன், சண்டை போட்டேன், ஒருமுறை இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கடைசி வருஷங்களில் அவர் ஒன்றும் சொல்வதில்லை. போவார், தொடுவார், திரும்பி வந்து உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார். மூன்று பாடத்தில் முதல் பரிசு வாங்கியவள், வீட்டை ஒரு தூசி இல்லாமல் வைத்திருந்தவள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பன்னிரண்டு வருஷம் ஃபெயில். மூன்று வருஷம் முன் அவர் போனார். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போனார்கள், நீயும் போனாய், வீடு காலியாயிற்று, சமையலறையில் குழாய் சொட்டியது. எழுந்து போக ஆளில்லை. நானே போனேன். இனி இந்த வீட்டில் ஒரு குழாய் சொட்டக் கூடாது என்று இறுக்கினேன். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் தானாக நின்றிருக்கும். நான் பொறுத்ததில்லை.

அவர் பொய் சொல்லவில்லை பார். நான் வெளியே வந்து, அவர் பேப்பரை மடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உள்ளே போவதற்குள் அந்த ஒரு நிமிஷம் ஆகிவிடும். அவர் தொட்டால் நின்றது, நான் மூடினால் நிற்கவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். நானும் சரியாகத்தான் மூடினேன். தப்பு, அவர் அவ்வளவு அழகாக வெட்டிய ரப்பரில் இருந்தது. மறுமுறை டாக்டரிடம் போனபோது காரணம் குழாய் என்று சொன்னேன். நோட்டைப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதினதில்ல" என்றார். முழுக் காரணத்தையும் சொல்வதென்றால், மூன்று வருஷமாக, இல்லாத ஒரு மனிதரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு டாக்டரிடம் மருந்து

திங்கள். இருக்காது.

வைத்தியம் நடக்கிறது. முழங்கைக்கு இரண்டு விரல் கீழே ஒரு பட்டை கட்டிக்கொள்கிறேன், இழுப்பை அது வாங்கிக்கொள்கிறது. வலித்தால் துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிஷம். எதையும் உள்ளங்கை மேல் நோக்கித்தான் தூக்குகிறேன், பார்க்கிறவர்களுக்கு யாசகம் கேட்பது போலிருக்கும், பரவாயில்லை. தினம் ஒருமுறை பயிற்சி. கையை மேஜை விளிம்பில் வைத்து, சின்னத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையின் உதவியோடு மணிக்கட்டை நிமிர்த்தி, உதவியை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணி மெதுவாக இறக்கவேண்டும். பதினைந்து தடவை. ஏற்றுவதில் மருந்து இல்லையாம், நிதானமாக இறக்குவதுதான் மருந்தாம். முதல் வாரம் கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீங்க என்றார். இது ஆறாவது வாரம், எட்டு நாலாகியிருக்கிறது. முழுசாகச் சரியாக இன்னும் மாதக்கணக்கில் ஆகலாம், பொறுமைதான் முக்கியம் என்று சொல்லியிருக்கிறார். குழாய்களுக்குப் பதில் தட்டினால் மூடுகிற பிடி போட்டாயிற்று. புறங்கையால் மூடுகிறேன்.

ஆகவே இது பக்கவாதம் இல்லை, முதுமையின் ஆரம்பமும் இல்லை, இடது கை சாட்சி. நோயும் தெரிந்தது, காரணமும் தெரிந்தது, இரண்டையும் நானே போய்த் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை. டேப் கொண்டுவருகிறவரை அழைத்துவராதே. நடு அறையில் குழந்தையின் மேஜையைத் திரும்பப் போடுங்கள். நான் இந்த வீட்டிலேயே இருப்பேன்.

மருமகளுக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம், தூரம் எதுவும் போகவில்லை என்று சொல். உன் மாமியாருக்கு என் வணக்கம். நீங்கள் எல்லோரும் நீண்ட நாள் ஆரோக்கியமாக, வீட்டில் நல்ல வாஷர்களோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: எழுதியதை அடிக்கக் கூடாது என்று எங்களைப் பள்ளியில் பழக்கினார்கள். அதனால் மேலே உள்ளது அப்படியே இருக்கட்டும், அடிக்காமல் திருத்துகிறேன்.

உறையில் போடுவதற்கு முன் இன்று காலை முழுவதையும் படித்துப் பார்த்தேன். வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் படித்து முடித்த பிறகு எழுந்து செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது. மூன்று வருஷமாக நான் இங்கே தனியாக இருப்பதாக நீங்கள் எல்லோரும் கவலைப்பட்டீர்கள். நான் தனியாக இருக்கவே இல்லை. தினம் ஐம்பத்தெட்டுத் தடவை ஒருவரோடு வாக்குவாதத்தில் இருந்தேன். போன மாதம் நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லை. இப்போதுதான் தனியாக இருக்கிறேன், அது எனக்குப் பிடிக்கவில்லை.

நடு அறை இன்னமும் வேண்டாம். உங்கள் தெருவில், அல்லது உங்கள் வாசலிலிருந்து நான் நடந்து வரக்கூடிய தூரத்தில், தரைத்தளத்தில், தனி வாசலும் தனிச் சாவியும் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலும் உள்ள இரண்டு அறை வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரி. கிடைத்தால் டேப்காரர் வரலாம், அளக்கும்போது மறுமுனையை நானே இடது கையால் பிடிக்கிறேன். கிடைக்காவிட்டால் மேலே எழுதியது நிற்கிறது. போன் செய்யாதே, போனில் நீ சரிம்மா என்பாய். உண்டு அல்லது இல்லை என்று, இருபதாம் தேதிக்கு முன்னால், எனக்கு எழுத்தில் பதில் எழுது.